தொழிற்படிப்போடு நிலைத்தன்மையையும் படிக்க: சேலம் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிவில், மெட்டலர்ஜி, பி.காம்., சட்டம், வேளாண்மை என்று எதைப் படித்துக்கொண்டிருந்தாலும் அதோடு நிலைத்தன்மையையும் (மாணவர்கள் வாயில் 'சஸ்டைனபிலிட்டி'; இயற்கை வளத்தைக் கெடுக்காமல் தொழில் நடத்தும் வழி) முறையான கிரெடிட்டோடு சேர்த்துப் படிக்க இன்று வழி இருக்கிறது. எந்த வழியில் சேர்வது, எந்த செமஸ்டரில் எதை எடுப்பது, எங்கே சறுக்கும், சேலத்தில் இருந்துகொண்டு எந்த வேலையைக் கையில் எடுக்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நம்முடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிலைத்தன்மை தனியாக நின்று சோறு போடும் தொழிலாக இன்னும் பெரிதாக வளரவில்லை. உலையின் வெப்பக் கணக்கு தெரிந்தவர்தான் அதன் எரிபொருளைக் குறைக்க முடியும். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஒரு கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்கும் ஓட்டையைக் காண முடியும். எனவே முதல் படிப்பில் உறுதியாக நில்லுங்கள். நேரம் பற்றாமல் போனால் குறைக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

சேலத்து மாணவருக்கு வெளியூர் மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் துருப்பிடிக்கா எஃகு ஆலை, மேக்னசைட் சுரங்கம், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், சாயப்பட்டறைகள், கொலுசுப் பட்டறைகள், மேட்டூர் அணை, அதன் அருகே அனல்மின் நிலையம், சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. பாடத்தில் வரும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய உதாரணம் இங்கேயே கிடைக்கும்.

படி 1: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது மைனர் டிகிரி, அதாவது முதன்மைப் படிப்போடு சேர்ந்து வரும் துணைப் படிப்பு. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வழிகாட்டுதல்படி பொறியியல் மாணவர் வழக்கமான கிரெடிட்டுக்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாக எடுத்தால் பட்டத்தில் மைனர் குறிப்பிடப்படும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மைனருக்கு 18 கிரெடிட். அதில் சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. நிலைத்த உள்கட்டமைப்பு, பசுமைத் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் தர அளவீடு, ஆற்றல் திறன் போன்ற மூன்று கிரெடிட் தாள்கள் அதில் உள்ளன. ஆறு தாள் முடித்தால் போதும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி ஒழுங்குமுறை உண்டு. தாள் பெயர், கிரெடிட், தகுதி மதிப்பெண் எல்லாம் அங்கே மாறும்.

கலை அறிவியல் கல்லூரிகளில் மைனர் என்ற பெயரில் இல்லாவிட்டாலும் நான்-மேஜர் எலெக்டிவ் (வேறு துறை விருப்பப் பாடம்) தாள்கள் உண்டு. கட்டாய சுற்றுச்சூழல் கல்வித் தாளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தந்த உத்தரவின் வழியாக எல்லோருக்கும் வந்த அறிமுகத் தாள் அது. அதை முடித்ததைத் தனித் தகுதியாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறையே இருக்கிறது. உங்கள் கல்லூரியில் வழிகாட்ட ஆள் இல்லையென்றால் அங்குள்ள ஆசிரியரை இணை வழிகாட்டியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு ஆன்லைன் பாடங்களின் வழி. 2021 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க இடம் தருகின்றன. கல்லூரி எவ்வளவு ஏற்கும் என்பது கல்லூரியின் முடிவு. என்பிடெலில் பதிவு இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். 12 வாரப் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. மதிப்பெண்ணில் 25 அசைன்மென்டுக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. அசைன்மென்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். தேர்வில் 70 வாங்கியும் அசைன்மென்டை விட்டதால் சான்றிதழ் போகலாம். முதல் மூன்று வார அசைன்மென்ட் லேசாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுபவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

மூன்றாவது, இரண்டு படிப்பை ஒரே நேரத்தில் படிப்பது. 2022 ஏப்ரலில் யூஜிசி இதற்கு வழிவிட்டது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகப் படிக்கலாம். ஒன்று நேரடியாகவும் மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைனாகவும் இருக்கலாம். இரண்டுமே தொலைநிலையாகவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. இளங்கலை முடித்தவர்கள் முதுகலையோடு இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சுற்றுச்சூழல் மற்றும் நிலைத்த வளர்ச்சி முதுநிலை டிப்ளமாவைப் படிக்கலாம். சட்டம் முடித்தவர்களுக்கு பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் சுற்றுச்சூழல் சட்ட முதுநிலை டிப்ளமா தொலைநிலையில் இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. சட்டப் படிப்பில் இருப்பவர்களை பார் கவுன்சிலின் 2008 விதிகள் கட்டுப்படுத்துகின்றன; இரண்டு ரெகுலர் படிப்புக்கு அங்கே தடை உண்டு. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர் வேறு படிப்பில் சேர்ந்தால் படிவம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். யூஜிசி அனுமதித்துவிட்டது என்று இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: ஒழுங்குமுறைப் புத்தகத்தைப் படித்தல்

சீனியர் சொன்னதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். அவர் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறை வேறாக இருந்திருக்கும். உங்கள் ஆண்டுக்கான புத்தகத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ கல்லூரித் தளத்திலோ எடுத்து, மைனர் பற்றிய பிரிவை வரிவரியாகப் படியுங்கள். பதிவு எந்த செமஸ்டரில் திறக்கும், குறைந்தபட்ச சிஜிபிஏ எவ்வளவு, அரியர் இருந்தால் தகுதி போகுமா, ஒரு செமஸ்டரில் கூடுதலாக எத்தனை கிரெடிட் எடுக்கலாம், மைனர் தாளின் மதிப்பெண் முதன்மை சிஜிபிஏவில் சேருமா, பாதியில் விட்டால் முடித்த தாள்கள் மார்க் ஷீட்டில் எப்படி வரும் என்ற ஆறு கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஆறில் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்காது. ஆனால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். ஏழாவது செமஸ்டரில் வேலைவாய்ப்பு நேர்காணல்கள் நெருக்கும்போது நான்கு தாளோடு நிறுத்த நேர்ந்தால், அந்த நான்கும் கூடுதல் கிரெடிட்டாகப் பதியுமா, வீணாகுமா என்பது அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

என்பிடெல் பாடத்தைக் கிரெடிட்டாக மாற்றுபவர்கள் பாடம் தொடங்குவதற்கு முன்பே எச்ஓடியிடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும். முதன்மைப் பாடத்தோடு உள்ளடக்கம் ஒத்துப்போனால் சில கல்லூரிகள் கிரெடிட் தர மறுக்கும். பாடத்தின் வாரவாரியான திட்டத்தை அச்சிட்டுக் கடிதத்தோடு இணைத்தால் இந்தச் சிக்கல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

படி 3: செமஸ்டர் திட்டம்

நான்கு ஆண்டுப் பொறியியலுக்கு நாம் சொல்லும் அமைப்பு இது. முதல் நான்கு செமஸ்டர் கூடுதல் தாள் எதுவும் வேண்டாம். கணக்கு, வேதியியல், வெப்ப இயக்கவியல் மூன்றையும் நன்றாக முடியுங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் இரண்டு இரண்டு தாளாக ஆறு. எட்டாவது முழுக்க ப்ராஜெக்டுக்கு. ஐந்தாவதில் அளவீடு சம்பந்தமான தாளை முதலில் எடுங்கள். கொள்கை, திட்டமிடல் தாள்கள் பிறகு வரட்டும். அளக்கத் தெரியாமல் கொள்கை படித்தால் எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கும்.

மூன்று கிரெடிட் தாளுக்கு வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு தாளுக்குப் பன்னிரண்டு. ஓமலூரிலோ ஆத்தூரிலோ இருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்கள் அந்த நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் இந்த அளவு இடம் கிடையாது. மூன்றாம் செமஸ்டரில் தொடங்கி ஒரு செமஸ்டருக்கு ஒரு தாள் போதும்.

படி 4: விடுதியில் தொடங்குங்கள்

எந்தத் துறையாக இருந்தாலும் முதல் பயிற்சி ஒன்றே: சொந்தக் கல்லூரி விடுதியின் ஒரு மாதக் கார்பன் கணக்கு. தரவு கையருகே இருக்கும், அனுமதி எளிது, தவறு செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

உலகெங்கும் பயன்படும் பிரிப்பு மூன்று. நீங்கள் நேரடியாக எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. பிறர் வழியாக உங்களுக்காக நடப்பது ஸ்கோப் 3. விடுதியில் ஸ்கோப் 1 என்பது சமையல் கேஸும் ஜெனரேட்டர் டீசலும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாதம் 18,000 யூனிட் மின்சாரம், 19 கிலோ சிலிண்டர் 60, டீசல் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சரியான எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவிலிருந்து எடுக்க வேண்டும். ஆக மின்சாரம் 12,600 கிலோ. கேஸ் 1,140 கிலோ, கிலோவுக்குச் சுமார் 3 என்றால் 3,420. டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 வீதம் 540. மொத்தம் 16.5 டன்னை ஒட்டி வருகிறது. அதில் முக்கால் பங்கு மின்சாரம்.

இந்த விகிதம் தெரிந்த பிறகுதான் எதைக் குறைப்பது என்ற பேச்சே தொடங்க வேண்டும். 50 கிலோவாட் கூரைச் சோலார் போட்டால், கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் என்ற கணக்கில் மாதம் 6,000 யூனிட். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிழல் விழாத கூரை சுமார் 5,000 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் போக அவ்வளவு மிஞ்சுமா என்று மாடியேறி டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

இந்தப் பயிற்சியில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு மீட்டரில் இருக்கிறது. எச்டி (உயர் அழுத்த) இணைப்பில் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்கக் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். அதை விட்டால் கணக்கு பல மடங்கு குறையும். இபி பில்லில் காரணி அச்சாகியிருக்கும், பாருங்கள். வீட்டு இணைப்பு பில் இரண்டு மாதத்துக்கு, எச்டி பில் ஒரு மாதத்துக்கு. இரண்டையும் கலந்து கூட்டிவிடுவதும் நடக்கும்.

படி 5: உங்கள் துறையோடு கட்டுங்கள்

மெட்டலர்ஜி, கெமிக்கல் மாணவர்களுக்கு சேலத்து வெள்ளைக்கல்லை விடச் சிறந்த பாடம் கிடையாது. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சுட்டால் மெக்னீசியா மிஞ்சி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மூலக்கூறு எடை 84-இல் 44 வாயுவாகப் போய்விடுகிறது. அதாவது ஒரு டன் சுத்தமான கல்லைச் சுட்டால் சுமார் 0.52 டன் வாயு, 0.48 டன் மெக்னீசியா. ஒரு டன் மெக்னீசியாவுக்கு ஏறக்குறைய 1.09 டன் வாயு, எரிபொருளைக் கணக்கில் சேர்க்காமலே. சூளையைச் சோலாரிலோ காற்றாலை மின்சாரத்திலோ ஓட்டினாலும் இந்த 1.09 போகாது, கல்லுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருள் உமிழ்வையும் செயல்முறை உமிழ்வையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு கணக்கு போதும். அப்படிப் பிரிக்காமல் மொத்தமாக 'ஆற்றல் சேமிப்பு' என்று எழுதும் ப்ராஜெக்டுகள் நிறைய.

எஃகுப் பக்கம் போகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியைப் படித்தே ஆக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் அறிக்கை தரும் காலமாக இருந்தது, 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறை. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதற்குள் வருகின்றன. ஜவுளி வரவில்லை.

கெமிக்கல், பயோடெக், சிவில் சுற்றுச்சூழல் மாணவர்களுக்குச் சேகோ ஆலைக் கழிவுநீர். மரவள்ளியை அரைத்துக் கழுவி மாவு எடுத்த பின் மிஞ்சும் நீரில் கரைந்த மாவுச்சத்து நிறைய. அது மக்கும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் இழுத்துக்கொள்கிறது. காற்றில்லாத தொட்டியில் மக்கவைத்தால் அதுவே எரிவாயு. ஒரு மாதிரிக் கணக்கு: ஒரு நாளைக்கு 50 கன மீட்டர் நீர், சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் என்றால் 200 கிலோ. எண்பது சதவீதம் நீங்கினால் 160 கிலோ. ஒரு கிலோ சிஓடி நீங்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது கோட்பாட்டு அளவு. ஆக 56 கன மீட்டர். வெப்ப அளவில் ஒரு கன மீட்டர் மீத்தேன் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலுக்குச் சமம். அதே நீர் திறந்த குட்டையில் மக்கி, அந்த 56 கன மீட்டரும் காற்றில் போனால் சுமார் 40 கிலோ மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் 28-ஆல் பெருக்கினால் 1.1 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு, தினமும். குட்டையிலிருந்து வெளியேறுவது இதில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை வைத்தே ஒரு நல்ல ப்ராஜெக்ட் செய்யலாம்.

இந்தக் கலன்கள் ஏன் கெடுகின்றன? கிழங்கு நீர் புளித்து அமிலமாக வரும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பி.எச். 7-ஐ ஒட்டியே நன்றாக வேலை செய்யும். அரவை இல்லாத மாதங்களில் பட்டினி கிடந்த கலனில், அரவை தொடங்கிய முதல் வாரமே முழு அளவு நீரை விட்டால் அமிலம் உண்டாக்கும் கூட்டம் முந்திக்கொள்கிறது. அமிலம் சேர்கிறது, மீத்தேன் கூட்டம் நின்றுபோகிறது, வாயு குறைகிறது. பி.எச். இறங்கிய பிறகு கவனித்தால் காலம் கடந்துவிட்டது. அதற்கு முன்பே ஏறுவது ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம், அது 0.3 முதல் 0.4-ஐத் தாண்டினால் வரத்தைக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் கால் பங்கு நீர், பிறகு படிப்படியாக ஏற்றுவது. சுண்ணாம்பு கொட்டுவது அவசரத்துக்கு உதவும். தினசரி மருந்தாக்கினால் அடியில் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்னும். மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பியைத் தனியாகப் பிரித்து மாட்டுத் தீவனத்துக்கு விடுவதும் கலனுக்கு நல்லது.

சிவில், கட்டடக்கலை மாணவர்கள் ஏற்காட்டையும் சேலத்தையும் ஒப்பிட்டாலே ஒரு தாளுக்கு வேண்டியது கிடைக்கும். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு வானிலை, இருபது கொண்டை ஊசி வளைவு கீழே வேறு வானிலை. ஒரே சன்னல் அளவும் ஒரே கூரையும் இரண்டுக்கும் ஒத்துவராது. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பையும், வீடுகளுக்கான 2018 எக்கோ நிவாஸ் சம்ஹிதாவையும் வைத்து ஒரே வீட்டு வரைபடத்தை இரண்டு இடத்துக்கும் கணக்கிட்டுப் பாருங்கள்.

வேளாண்மை, தாவரவியல், வனவியல் மாணவர்களுக்குக் காபித் தோட்டம். சேர்வராயனில் காபி சில்வர் ஓக்கும் பலாவும் தரும் நிழலில், மிளகுக் கொடியோடு வளர்கிறது. நிழல்மரங்களில் உள்ள கார்பனை அளப்பது நல்ல ப்ராஜெக்ட். 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம் போட்டு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து, அந்த மர வகைக்கான சமன்பாட்டில் எடை கண்டு, உலர் எடையை 0.47-ஆல் பெருக்கிக் கார்பனும், அதை 3.67-ஆல் பெருக்கிக் கார்பன் டை ஆக்சைடும் பெறலாம். எக்டேருக்கு மாற்ற 25-ஆல் பெருக்க வேண்டும்.

மலையில் இந்த 25-தான் தவறாகும். சரிவோடு டேப்பைப் படுக்கவைத்து 20 மீட்டர் அளந்தால், 30 பாகைச் சரிவில் கிடைமட்டத் தூரம் 17.3 மீட்டர்தான். பரப்பு 13 சதவீதம் குறைந்துவிடும், எக்டேர்க் கணக்கு அந்த அளவு பொய்யாகும். டேப்பைத் துண்டு துண்டாகக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும், அல்லது சரிவுக் கோணத்தை அளந்து திருத்த வேண்டும். இன்னொன்று: ஒருமுறை அளந்தால் தெரிவது இருப்பு மட்டுமே. ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்று சொல்ல, அதே மரங்களுக்கு எண் கட்டி அடுத்த ஆண்டும் அளக்க வேண்டும். சில்வர் ஓக் வெட்டி விற்கப்படும் மரம் என்பதையும் மறக்காதீர்கள். வெட்டியதைக் கழிக்காத கணக்கு கணக்கே இல்லை. அளவெடுப்பை மதியத்தோடு முடித்து இறங்கிவிடுங்கள். மாலையில் தோட்டங்களுக்குள் காட்டெருமை வரும்.

காபி ஏற்றுமதியைப் படிப்பவர்கள் ஐரோப்பியக் காடழிப்புத் தடுப்பு விதியைப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளையாதது என்று காட்ட ஒவ்வொரு நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆறு தசம இடம் வரை கேட்கப்படும்; நான்கு எக்டேருக்கு மேல் என்றால் எல்லைக் கோட்டையே தர வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போயிருக்கிறது, எழுதும் நாளில் உள்ள நிலையைப் பார்த்து எழுதுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவருக்கு மலையில் உள்ள சிறு விவசாயிகளிடம் நிஜமான பயன் உண்டு.

காமர்ஸ், மேலாண்மை மாணவர்கள் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையைக் கையில் எடுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயம். ஒரு கம்பெனியின் இரண்டு ஆண்டு அறிக்கையை எடுத்து, மொத்த ஆற்றலை விற்றுமுதலால் வகுத்து, அவர்கள் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருளின் விலை ஏறினாலே இந்த விகிதம் குறைந்துவிடும். ஆற்றல் ஒரு துளியும் மிச்சமாகியிருக்காது. டன் உற்பத்திக்கு எவ்வளவு என்று திருப்பிக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். கிகாஜூலும் டெராஜூலும் மாறிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்ட மாணவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் சேலம் மாவட்டச் சுரங்கம் ஒன்றின் சுற்றுச்சூழல் அனுமதியை எடுத்து, நிபந்தனைகளை வரிசைப்படுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய இணக்க அறிக்கையோடு ஒப்பிடுங்கள். மனு போடும் கால வரம்பை மனப்பாடமாக வைத்திருங்கள்: 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் பிரிவு 14 வழக்குக்கு ஆறு மாதம், பிரிவு 15 இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு, பிரிவு 16 மேல்முறையீட்டுக்கு 30 நாள்; தக்க காரணம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மேலும் 60 நாள் வரை. மருத்துவம், செவிலியர் மாணவர்களுக்கு 2016 மருத்துவக் கழிவு விதிகளும், வார்டு வாரியாக மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எடைபோட்டுப் பார்ப்பதும் போதுமான தொடக்கம்.

படி 6: ப்ராஜெக்டை நடத்துதல்

அனுமதிக் கடிதத்தை அரவைக் காலத்துக்கோ காபி அறுவடைக்கோ இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். நவம்பரில் தொடங்கும் அறுவடை நடுவில் போய் நின்றால் எஸ்டேட் ரைட்டருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. கடிதத்தில் என்ன அளப்பீர்கள், எத்தனை நாள், ஆலையின் பெயர் அறிக்கையில் வருமா வராதா என்பதை எழுதுங்கள். பெயர் வராது என்று உறுதி தந்தால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். தந்த உறுதியைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது ஒரே தடவை ஒரு பாட்டில் பிடித்து வந்தால் அது அந்த நிமிடத்து நீர் மட்டுமே. மணிக்கு ஒருமுறை எடுத்து, ஓட்டத்தின் அளவுக்கு ஏற்ப கலக்க வேண்டும். ஓட்டத்தை அளக்க 90 பாகை வி-நாட்ச் (வி வடிவில் வெட்டிய) தகடு போதும்: உயரம் மீட்டரில் எச் என்றால், எச்-இன் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 4.4 லிட்டர். சிஓடி மாதிரியில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, ஐஸ் பெட்டியில் வைக்கலாம். பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) மாதிரியில் அமிலம் விடக் கூடாது. குளிரில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேருங்கள். நம் நாட்டு முறை 27 பாகையில் மூன்று நாள் பிஓடி. வெளிநாட்டுக் கட்டுரையில் 20 பாகையில் ஐந்து நாள் இருக்கும்; அதையும் இதையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். நீர்நிலையில் விட பொதுத் தரநிலை லிட்டருக்கு பிஓடி 30, சிஓடி 250 மில்லிகிராம். பாசன நிலத்துக்கு பிஓடி 100. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆலையைக் கட்டுப்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதற்குத் தந்த கன்சென்ட் (இசைவு) ஆணையில் உள்ள எண்.

வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு (ஒரு பொருள் உருவாகும் ஒவ்வொரு கட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கிடுவது) செய்பவர்கள் எதை ஒப்பிடுகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். 'ஒரு கிலோ ஜவ்வரிசி, ஆலை வாசல் வரை' என்றால் கிழங்கு வயல் உரமும் உள்ளே வரும், கடைக்குப் போகும் லாரி வெளியே நிற்கும். திப்பி ஒரு துணைப்பொருள். உமிழ்வை மாவுக்கும் திப்பிக்கும் எடையால் பிரித்தால் ஒரு விடை, விலையால் பிரித்தால் வேறு விடை. இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். ஓபன்எல்சிஏ மென்பொருள் இலவசம், அதில் ஓட்டும் தரவுத்தொகுப்புகளில் பல காசுக்கு. ஐரோப்பிய மின்சாரத் தரவோடு சேலத்து ஆலையைக் கணக்கிட்ட அறிக்கையைத் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

படி 7: பட்டத்துக்குப் பின்

சான்றிதழ்களை அடுக்குவதை விடத் துறைக்குப் பொருந்தும் ஒன்றை முடிப்பது மேல். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் பட்டதாரிகளுக்கு ஆற்றல் திறன் பணியகத்தின் எனர்ஜி ஆடிட்டர் தேர்வு: நான்கு தாள், பொறியியல் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அனுபவச் சான்றுக்கான பதிவுகளைச் சேருங்கள். கட்டடத் துறைக்குப் பசுமைக் கட்டடத் தேர்வுகள்: ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்) நடத்துவது அல்லது லீட் க்ரீன் அசோசியேட். பின்னதில் 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 200-க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. இவற்றைப் படிக்கும்போதே எழுதலாம். சி.ஏ. முடித்தவர்களுக்கு ஐசிஏஐ நடத்தும் பிஆர்எஸ்ஆர் சான்றிதழ் படிப்பு இருக்கிறது.

ரெஸ்யூமில் 'நிலைத்தன்மையில் ஆர்வம்' என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. என்ன அளந்தீர்கள், எந்த எல்லைக்குள், எந்த முறையில், விடை என்ன, பிழை வரம்பு எவ்வளவு என்று இரண்டு வரி போதும். கணக்குத்தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நேர்காணலில் அதைத்தான் திறந்து காட்டச் சொல்வார்கள். எந்த எண் எங்கிருந்து வந்தது என்ற பத்தி காலியாக இருந்தால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். அறிக்கை முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி ஆலைக்கோ எஸ்டேட்டுக்கோ நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் அதே மரங்களை அளக்கப் போகும்போது அனுமதி கேட்க அது உதவும்.